பேரப்பிள்ளையோடு பன் சுட ஒரு மதியப் பொழுது

பேரப்பிள்ளையோடு சேர்ந்து ஏதாவது பேக் செய்ய ஆசை, எதில் ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும், கேக் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கேக் அவசரம் பிடித்த பண்டம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். கலக்கி முடித்த கையோடு ஓவனுக்குள் வைத்தாக வேண்டும். பிள்ளை ஒவ்வொரு முட்டையையும் ரசித்து உடைத்துக்கொண்டிருக்கும், நாம் பக்கத்தில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டிருப்போம். கால் மணி நேரத்தில் பிள்ளையின் பங்கு முடிந்துவிடும். அப்புறம் மூடிய ஓவன் முன்னால் நின்று, "இன்னும் எவ்வளவு நேரம் பாட்டி?" என்ற கேள்வி மட்டும்தான் மிச்சம்.

பன் அப்படியில்லை. மொத்தம் மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். அதில் கை வைத்துச் செய்கிற வேலை முக்கால் மணிக்கு மேல் போகாது. மீதி நேரமெல்லாம் மாவு தன் பாட்டுக்கு உப்பிக்கொண்டிருக்கும். நாமும் பிள்ளையும் அதன் பக்கத்தில் சும்மா இருக்கலாம். அந்தச் சும்மா இருக்கிற நேரத்துக்காகத்தான் நான் பன்னைத் தேர்ந்தெடுக்கிறேன். என் பேத்தியிடம் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதோடு சரி. கையில் மாவோடு என் பக்கத்தில் நிற்கும்போது, யாரும் கேட்காமலே, புதிதாக வந்த பெண் யாரோடும் சேராமல் தனியாகச் சாப்பிடுகிறாள் என்பதில் தொடங்கி எல்லாம் வரும். பார்வை மாவில் இருப்பதால் பேசுவது எளிதாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான்.

ஆகவே மதியம் முழுதும் வேறு வேலை வைத்துக்கொள்ளாத நாளாகப் பாருங்கள். பிள்ளை இரண்டு மணி நேரம்தான் இருக்கப் போகிறது என்றால் பன்னைத் தொடாதீர்கள். அதற்கு பிஸ்கட் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை

12 பன்னுக்கு மைதா 500 கிராம், தண்ணீர் 320 மில்லி, வெண்ணெய் 30 கிராம், சர்க்கரை 20 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். மேலே தடவக் கொஞ்சம் பால். முட்டை இல்லை, அதனால் சின்னப் பிள்ளைகளோடு செய்வதற்கு ஒரு கவலை குறைவு.

பிள்ளை உங்களிடம் வந்து சேருவதற்கு முன்பே அதன் அம்மா அப்பாவிடம் எந்தப் பொருள் சேராது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததாகவே இருந்தாலும் கேளுங்கள், போன வருஷம் இல்லாத ஒவ்வாமை இந்த வருஷம் வந்திருக்கலாம். இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்தாளர் 1843-ல் பேக்கிங் பவுடர் செய்ததே, முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத்தான். இந்தக் கதை என் பேத்திக்கு மிகவும் பிடிக்கும். ஒருவருக்குச் சாப்பிட முடியவில்லை என்றால் அவருக்கென்று ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அளப்பதற்குத் தராசு வையுங்கள், கப் கணக்கு வேண்டாம். ஒரே கப்பில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம் வரும், அழுத்தி நிரப்பினால் 150 வரை போகும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. டிஜிட்டல் தராசு முன்னால் ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? 487 என்று காட்டும். ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தட்டுவாள், 492. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு சிட்டிகை, 496. இன்னும் நான்கு கிராம்தானே, போதும் விடு என்று சொல்லிவிடாதீர்கள். மாவுக்கு அந்த நாலு கிராம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அவளுக்கு 500 வர வேண்டும். அது வரும்போது நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பாளே, அந்த ஒரு நொடிக்குக் காத்திருங்கள்.

உயரமான மேடையில் ஸ்டூல் போட்டு ஏற்றுவதைவிடத் தாழ்ந்த மேஜை ஒன்றைத் துடைத்துப் பயன்படுத்துவது நல்லது. பிள்ளை விழுந்துவிடுமோ என்று ஒரு கை எப்போதும் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வேலை ஓடாது. மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்தே பிசையலாம், நம் முழங்காலுக்கும் நிம்மதி.

யாருக்கு என்ன வேலை

பிள்ளைக்கு நிஜமான வேலை கொடுங்கள். ஓரமாக உட்கார வைத்து ஒரு உருண்டை மாவைக் கொடுத்து "விளையாடு" என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தன் உருண்டை ஓவனுக்குப் போகப் போவதில்லை என்று.

இரண்டு மூன்று வயதில் அளந்து வைத்ததைக் கொட்டலாம், கிளறலாம், தட்டில் வெண்ணெய் தடவலாம். வெண்ணெய் தடவுவதில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கிற பொறுமை நமக்குக் கிடையாது. ஐந்து ஆறு வயதில் எடை போடலாம், பிசையலாம், உருட்டலாம். எட்டு ஒன்பது வயது வந்தால் குறிப்பைத் தானே வாசித்து, அடுத்தது என்ன என்று நமக்குச் சொல்லட்டும். ஓவனுக்குள் வைப்பதும் எடுப்பதும் மட்டும் பெரியவர் வேலை. பத்து வயதுக்கு மேல், நீளமான கையுறை போட்டு, நாம் பக்கத்தில் நிற்க, அதையும் பழக்கலாம்.

இன்னொன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: பச்சை மாவை வாயில் வைக்கக் கூடாது. முட்டை இல்லையே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். மாவும் பச்சைப் பொருள்தான். வயலில் விளைந்து அரைத்துப் பையில் வருகிறதே தவிர, பொதுவாக அதில் கிருமியைக் கொல்லும் எந்தப் பக்குவமும் நடப்பதில்லை. 2016-ல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமி மாவின் வழியாகவே பரவிப் பலர் நோயில் விழுந்தார்கள். நான் "கூடாது" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை, காரணத்தையும் சொல்கிறேன். காரணம் தெரிந்த பிள்ளை தம்பி விரலை நக்கப் போனால் தானே தடுக்கிறது. கூட ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் தேன் சேர்த்த எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைப் பருப்புகளை முழுதாகக் கொடுக்கவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பிசைவது

தண்ணீர் வெதுவெதுப்பாக, 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். விரலை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. இந்தச் சோதனையைப் பிள்ளையிடம் விடுங்கள், ஆனால் முதலில் உங்கள் விரல். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும், பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் மாவு எழாது.

பெரிய பாத்திரத்தில் மாவு, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் போட்டு ஒரு கலக்கு. தண்ணீரை முழுவதும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம், இரண்டு ஸ்பூன் நிறுத்தி வையுங்கள். மாவுக்கு மாவு தண்ணீர் குடிக்கிற அளவு மாறும். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். பார்க்கவே அசிங்கமாக, கையெல்லாம் ஒட்டிக்கொண்டு இருக்கும். "கெட்டுப்போச்சு பாட்டி" என்பாள். கெடவில்லை. மூடி வைத்துவிட்டு 20 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்த 20 நிமிடத்தில் யாரும் தொடாமலே மாவு பாதி பிசைந்ததாகிவிடும். மாவிலுள்ள இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையைத் தானாகவே பின்னத் தொடங்கும். மாவையும் தண்ணீரையும் கலந்து இப்படிக் கொஞ்ச நேரம் விட்டுவைக்கும் முறையைப் பரப்பியவர் ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சு ரொட்டி ஆசான். விரல் மூட்டு வலிக்கிறவர்களுக்கும், கையில் இன்னும் பலம் வராதவர்களுக்கும் இது ஒரு வரம். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பிசைய இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியாது.

திரும்பத் திறக்கும்போது பிள்ளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டல் குறைந்து வழவழப்பாகியிருக்கும். இப்போது வெண்ணெயைச் சேர்த்து, உள்ளங்கையால் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ளி, எட்டு பத்து நிமிடம். வெண்ணெய் போட்டதும் ஒருமுறை வழுக்கிப் பிரிந்து நிற்கும், பயப்படாதீர்கள், சேர்ந்துவிடும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவ வேண்டாம், பன் காய்ந்து போகும். நிறுத்தி வைத்த தண்ணீர் தேவையென்றால் இப்போது தெளித்துக்கொள்ளலாம். நாங்கள் இருவரும் மாவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பாதி பிசைந்து, பிறகு பாத்திரத்தில் ஒன்றாகச் சேர்ப்போம்.

போதுமா என்று எப்படித் தெரியும்? காது மடலைப் போல மெத்தென்று இருக்க வேண்டும். பிள்ளை ஒரு கையால் தன் காதையும் இன்னொரு கையால் மாவையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கும், தலைமுடியில் மாவு ஒட்டும், பரவாயில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் இன்னொரு சோதனை உண்டு. ஒரு சின்னத் துண்டை எடுத்து இரு கை விரல்களாலும் மெல்ல மெல்ல இழுத்து ஜன்னல் பக்கம் பிடியுங்கள். கிழியாமல் மெல்லிய தோலாகி, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் மாவு தயார்.

காத்திருப்பது

மாவைப் பாத்திரத்தில் மூடி வைப்பதற்கு முன் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி எடுங்கள். நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடி டம்ளரில் அதை அழுத்தி வைத்து, மாவு நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். பெரிய பாத்திரத்தில் மாவு இரண்டு மடங்கானதா இல்லையா என்று பெரியவர்களுக்கே கண்ணளவில் சொல்வது கஷ்டம். டம்ளரில் பிள்ளையே சொல்லிவிடும். ரப்பர் பேண்டுக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது, பக்கவாட்டில் எத்தனை குமிழி தெரிகிறது என்று ஓடி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தி சொல்லும். சாதாரணமாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும், குளிர் நாளில் கூடவே ஆகலாம். கடிகாரத்தை நம்பாதீர்கள், டம்ளரை நம்புங்கள்.

"இது உயிரோடு இருக்கா பாட்டி?" என்று கேட்டாள் ஒரு நாள். ஆமாம், இருக்கிறது. ஈஸ்ட் என்பது ஒரே செல் கொண்ட ஒரு வகைப் பூஞ்சை. சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடுகிறது, அந்த வாயுதான் மாவின் வலைக்குள் சிக்கி அதை உப்ப வைக்கிறது. நொதித்தலுக்குக் காரணம் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதை லூயி பாஸ்டர் 1857-லிருந்து ஒவ்வொரு சோதனையாகக் காட்டி வந்தார். அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான வருஷங்கள், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமலேயே மனிதர்கள் ரொட்டியை உப்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் ஓவனில் வைத்தால் அதற்கு வலிக்குமா என்று அடுத்த கேள்வி. ஈஸ்ட்டுக்கு நரம்பு இல்லை, வலி தெரியாது, ஆனால் செத்துப்போகும் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்து தாத்தாவைப் பற்றிக் கேட்டாள். அவள் அவரைப் பார்த்ததில்லை. மாவு இரண்டு மடங்காகும் வரை அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்ட கேள்விகள் வர வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரத்தை டிவியிடம் கொடுத்துவிடக் கூடாது. அதற்காக விளையாட்டு, பாடம் என்று திட்டம் போட்டு நிரப்பவும் வேண்டாம். பாத்திரம் கழுவலாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சோப்பு நுரையே போதும். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன செய்தோம், மாவு எவ்வளவு நேரத்தில் எழுந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று அவள் எழுதுவாள், எழுத வராத வயதில் வரைந்தாள். அதில் அவள் அம்மாவைப் பற்றி நான் சொன்ன கதைகளும் ஏறிக்கொண்டிருக்கின்றன. அம்மா சின்ன வயதில் மாவு டப்பாவுக்குள் பொம்மையை ஒளித்து வைத்த கதையை எத்தனை தடவை கேட்டாலும் அவளுக்கு அலுப்பதில்லை.

பிள்ளை இரவு தங்கப் போகிறது என்றால் இதைவிட நல்ல வழி உண்டு. ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைத்து, சாயங்காலம் பிசைந்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும், ருசியும் கூடும். காலையில் எழுந்ததும் பிள்ளை நேராக ஃப்ரிட்ஜுக்குத்தான் ஓடும். குளிர்ந்த மாவு என்பதால் உருட்டிய பிறகு உப்ப ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் கொடுங்கள்.

உருட்டுவதும் சுடுவதும்

எழுந்த மாவை முஷ்டியால் மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றும் உரிமை எங்கள் வீட்டில் எப்போதும் சின்னவர்களுக்குத்தான். டம்ளரில் இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை போட்டால் ஒவ்வொன்றும் 73 கிராம் அளவில் 12 துண்டு வரும். ஓரங்களை உள்பக்கம் இழுத்து அடியில் கிள்ளி மூடி, மேஜை மேல் வைத்து, கையைக் குவித்து வட்டமாகச் சுழற்றினால் உருண்டை இறுகி மேல் தோல் வழவழப்பாகும். பிள்ளை உருட்டியது கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். அது தூங்கிய பிறகும் திருத்தாதீர்கள், காலையில் தன்னுடையது எது என்று கண்டுபிடித்துவிடும். ஆமை, நத்தை, தன் பெயரின் முதல் எழுத்து என்று என்ன வடிவம் வேண்டுமானாலும் செய்யட்டும். கனம் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். மெல்லிய வால் கருகிவிடும் என்பதைச் சொல்லிவிட்டு, முடிவை அதனிடம் விடுங்கள்.

வெண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, துணியால் மூடி அரை மணி முதல் முக்கால் மணி. விரல் நுனியில் மாவைத் தொட்டு ஒரு பன்னை மெல்ல அழுத்துங்கள். பள்ளம் உடனே துள்ளி நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும், மெதுவாகப் பாதி வரை எழுந்தால் சரியான பதம், பள்ளம் அப்படியே நின்றால் தாமதித்துவிட்டோம், உடனே ஓவனுக்கு அனுப்ப வேண்டும். ஓவனை 20 நிமிடம் முன்பே 190 டிகிரிக்குச் சூடாக்கியிருக்க வேண்டும்.

பாலைப் பிரஷ்ஷால் தொட்டுத் தடவி, 15 முதல் 18 நிமிடம். கதவில் கண்ணாடி இருந்தால் இரண்டு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்து இருவரும் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பன் கண்ணெதிரே பெருக்கும். அதற்கப்புறம் எழாது, நிறம்தான் மாறும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து இந்தப் பொன்னிறத்தையும் வாசனையையும் கொடுப்பதை 1912-ல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாலில் இரண்டுமே இருப்பதால்தான் பால் தடவிய இடம் நன்றாகச் சிவக்கிறது. ஒரே ஒரு பன்னுக்குப் பால் தடவாமல் விட்டு வித்தியாசத்தைக் காட்டுங்கள், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதை ரொம்ப ரசிப்பார்கள்.

வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்து அடியில் தட்டினால் உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம் வர வேண்டும். கம்பித் தட்டில் எடுத்து வைத்துக் குறைந்தது கால் மணி நேரம் ஆற விடுங்கள். உள்ளே ஆவி அடங்காமல் பிய்த்தால் பிசுபிசுவென்று இருக்கும், நாக்கும் வெந்துபோகும். அன்றைய நாளின் கடினமான கால் மணி நேரம் இதுதான். நோட்டுப் புத்தகத்தை முடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால்

வெண்ணெய் பிஸ்கட் செய்யுங்கள். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மைதா. 100, 200, 300 கிராம் என்று பிள்ளைக்கே மனப்பாடம் ஆகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு. அறைச் சூட்டில் இளகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு குழைத்து, மாவைச் சேர்த்து, ஒன்று திரண்டதும் நிறுத்திவிடுங்கள், பிசைந்தால் கடினமாகிவிடும். அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, அரை விரல் கனத்தில் தேய்த்து, வெட்டி, 165 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்தால் போதும். ஓவனிலிருந்து வரும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும்.

பேரப்பிள்ளை தொலைவில் இருப்பவர்கள் வீடியோ கால் போட்டுக்கொண்டும் இதைச் செய்யலாம். அங்கே ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே எடையில் அளந்து வைத்துக்கொண்டு ஒன்றாகத் தொடங்குங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வையுங்கள், முகம் தெரியாவிட்டாலும் கை தெரிந்தால் போதும். நான் என் மூத்த பேரனோடு இப்படித்தான் செய்கிறேன். பாதி நேரம் இருவருமே பேசுவதில்லை, அவன் பிசைகிற சத்தம் எனக்குக் கேட்கும், என்னுடையது அவனுக்கு.

மீந்த பன்னை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் ரொட்டி சீக்கிரம் வறண்டு கெட்டிப்படும். இரண்டு நாளைக்குள் தீர்ந்துவிடும் என்றால் மூடிய டப்பாவில் வெளியே இருக்கட்டும். மற்றதை அன்றே, நன்றாக ஆறியதும், காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது அது உருட்டியவற்றைத் தனிப் பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். பையின் மேல், "160 டிகிரியில் 8 நிமிடம் சூடு செய்யவும்" என்று பிள்ளையே எழுதி ஒட்டட்டும்.